முதுகு மறந்த மூட்டை

குழந்தைகளே, கதைக்கு முன்னால் ஒரு விடுகதை.

ஒருத்தி முதுகில் கனமான மூட்டை. அதோடு இன்னொரு சுமையும் வந்து ஏறிக்கொண்டது. அவள் எதையும் இறக்கவில்லை, எதையும் எடுத்து எறியவுமில்லை. ஆனாலும் "அப்பாடா, கனம் குறைந்தது" என்றாள். எப்படி?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லாதீர்கள். அவர்களும் கொஞ்சம் திண்டாடட்டும்.

ஒரு காட்டில் மூட்டை நாள் என்று ஒரு நாள் உண்டு. அந்தக் காட்டில் அடைமழை பிடித்தால் தாழ்வான இடமெல்லாம் ஏரியாகிவிடும். அதனால் மழைக்கு முந்திய ஒரு நாளில் எல்லா விலங்குகளும் சட்டி பானை, தின்பண்டம், படுக்கைப் புல் எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு மலை உச்சிக் குகைகளுக்குக் குடிபோகும்.

முதலில் வந்தவருக்கு எந்தக் குகை வேண்டுமோ அந்தக் குகை. குகைகளில் நல்லது கிழக்குக் குகை. வெளியே வானம் பிளந்து கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டு விழாது. இன்னொன்று தேன்குகை. அதன் வாசலில் அடை அடையாகத் தேன் தொங்கும், ஆனால் கூரை ஒழுகும். மற்றவை எல்லாம் ஒழுகும், தேனும் கிடையாது.

மலைப்பாதை குறுகல். ஆளுக்கு ஆள் வழியில் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் வருகிறவர் எங்கே போவார்? ஆகவே ஒரு விதி: உச்சிக்குப் போகும்வரை மூட்டையை இறக்கக் கூடாது. இறக்கினால் வரிசையில் கடைசி.

இதையெல்லாம் மேற்பார்வை பார்ப்பவர் உச்சியில் இருக்கும் ஆமை. ஆமை எப்படி எல்லாருக்கும் முன்னால் போனார் என்று கேட்காதீர்கள். அவர் முன்னொரு வருடத்து மூட்டை நாளில் கிளம்பியவர். போய்ச் சேர்ந்ததும் மறு மூட்டை நாள் வந்துவிட்டது. இனிக் கீழே இறங்குவானேன் என்று அங்கேயே தங்கிவிட்டார்.

விதி நல்ல விதிதான். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கமும் இருந்தது. "காட்டாத பொருள் இல்லாத பொருள்" என்பார்கள். வீட்டில் எது உயர்ந்ததோ அதை மூட்டையின் உச்சியிலோ ஓரத்திலோ எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிட வேண்டும். புல்லும் சருகும் உள்ளே, பானையும் பலாப்பழமும் வெளியே. இப்படிக் கட்டித்தான் அப்பா போனார், தாத்தா போனார். வழியில் உருண்டு விழுந்து வாலை உடைத்துக்கொண்டதையும் சேர்த்துத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வருடம் கரடி வீட்டு மூட்டையைச் சுமக்க வேண்டியவள் சடைச்சி.

அவள் இன்னும் குட்டிதான். போன வருடம்வரை அவளே அம்மாவின் முதுகில் உட்கார்ந்துதான் ஊர் சுற்றினாள். இந்த வருடம் அந்த இடத்தை இரண்டு தம்பிகள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் உருண்டை, ஒருவன் சுண்டு. பெயரைப் போலத்தான் ஆளும். அம்மா முதுகில் அவர்கள் இருக்கும்போது மூட்டைக்கு இடம் ஏது?

போன மழைக்குக் கரடி வீட்டுக்கு ஒழுகல் குகைதான் கிடைத்தது. சடைச்சி மழைக்காலம் முழுக்கத் தும்மினாள். அவளாவது வளர்ந்தவள். தம்பிகளுக்கு இன்னும் உடம்பில் ரோமம்கூடச் சரியாக வரவில்லை. "இந்தத் தடவை கிழக்குக் குகை கிடைக்காவிட்டால் இவர்கள் என்ன ஆவார்களோ" என்று அம்மா கரடி பக்கத்துப் புதர்க்காரர்களிடம் சொல்லி மாய்ந்துபோனதைச் சடைச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஓடியாவது முதலில் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தாள். போகும் வழியெல்லாம் தேன்குகையை நினைக்கக் கூடாது என்றும் முடிவு செய்தாள். நினைத்துக்கொண்டே முடிவு செய்தாள்.

விடிந்ததும் அம்மா வழக்கப்படி மூட்டை கட்டினாள். உள்ளே படுக்கைப் புல்லும் காய்ந்த இலுப்பைப் பூவும். உச்சியில் தேன் நிறைந்த சுரைக்குடுவை. அதற்கும் மேலே, உள்ளே கரையான்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பெரிய புற்றுக்கட்டி. மழைக்காலத்தில் கரடி வீட்டுக்கு அதுதான் நொறுக்குத்தீனி.

சடைச்சி மூட்டையோடு எழுந்தாள். எழுந்த வேகத்தில் மல்லாந்தாள். நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தன.

அம்மா தூக்கி நிறுத்தினாள். இந்தத் தடவை இடப்பக்கம் சாய்ந்து புதருக்குள் போனாள். மறுபடி நிறுத்தினாள். சடைச்சி ஓரடி நடந்தாள், மூட்டை ஈரடி நடந்தது, இருவரும் மரத்தில் மோதி நின்றார்கள். உருண்டையும் சுண்டும் கை தட்டி, "அக்கா, இன்னொரு தடவை" என்றார்கள்.

சடைச்சி மண்ணில் கிடந்தபடியே யோசித்தாள். நேற்றுவரை நானே ஒரு மூட்டையாக இருந்தேனே, அம்மா என்னைச் சுமந்து எப்போதாவது இப்படி விழுந்தாளா?

விழுந்ததில்லை. ஆனால் சில நாள் முனகுவாள். வாலோரம் தொற்றிக்கொண்டு பின்பக்கமாக எட்டி எட்டி வேடிக்கை பார்த்த நாட்களில், "இழுக்காதே, இடுப்பு ஒடிகிறது" என்பாள். தோளுக்கு நடுவில், பிடரி மயிருக்குள் அட்டைபோல ஒட்டிக்கொண்ட நாட்களில் அம்மா முனகியதே இல்லை. அப்படி ஒரு நாள் சடைச்சி ஒட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். அன்றைக்கு அம்மா, "சடைச்சி, அடி சடைச்சி" என்று கத்திக்கொண்டு ஓடைக்கரையெல்லாம் தேடினாள். பாறைப் பொந்தையெல்லாம் தேடினாள். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடினது போல என்று மான்கள் ஒரு வாரம் சிரித்தன. தேடப்பட்டவள் அம்மாவின் முதுகில் கொர் கொர் என்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நல்ல மூட்டை என்றால் அப்படி இருக்க வேண்டும். சுமப்பவருக்கு மறந்துபோக வேண்டும்.

சடைச்சி எழுந்து கட்டை அவிழ்த்தாள். தேன்குடுவையை முதலில் எடுத்து, முதுகெலும்பை ஒட்டி வலத்தோளில் வைத்தாள். அதே கனமுள்ள புற்றுக்கட்டியை இடத்தோளில் வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் இலுப்பைப் பூவைத் திணித்தாள். எல்லாவற்றுக்கும் வெளியே மெத்துமெத்தென்று புல்லைச் சுற்றினாள். ஒரு கொடியை நெஞ்சுக்குக் குறுக்கேயும் ஒரு கொடியை வயிற்றைச் சுற்றியும் இறுக்கினாள். பிறகு உடம்பை உதறிப் பார்த்தாள். மூட்டை அசையவில்லை.

அம்மா கரடிக்கு முகம் வாடிவிட்டது. "அடி, தேன் இருப்பதே தெரியவில்லையே. நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

"இருக்கிறது என்று என் முதுகுக்குத் தெரியும் அம்மா. அது போதும்."

மலையடிவாரத்தில் எல்லாரும் கூடினார்கள். அடேயப்பா, அது ஒரு கண்கொள்ளாக் காட்சி. மிளா மான் பெரியப்பா கொம்புக்குக் கொம்பு பானையைத் தொங்கவிட்டு, அசைந்தால் மணி அடிப்பது போல ஒலி எழுப்பிக்கொண்டு நின்றார். முள்ளம்பன்றி ஊசியக்கா முள்ளுக்கு ஒரு நாவல் பழமாகக் குத்தி, பூத்த மரம்போல வந்திருந்தாள். குரங்கு வாலப்பன் ஒரு முழுப் பலாப்பழத்தை வால் நுனியில் கட்டியிருந்தார். காடே பார்த்து மூக்கில் விரல் வைத்தது.

சடைச்சியின் முதுகில் இருந்தது ஒரு புல்போர் மட்டும்.

"என்ன பாப்பா, மாட்டுக்குத் தீனி கொண்டுபோகிறாயா?" என்றார் வாலப்பன்.

"இல்லை மாமா. உச்சிக்குப் போனதும் நீங்கள் விழுந்து படுக்க மெத்தை வேண்டாமா?"

கூட்டம் சிரித்தது. வாலப்பன் சிரிக்கவில்லை. கரடி வீட்டில் இந்த வருடம் புல்லைத் தவிர ஒன்றுமில்லை போலிருக்கிறது, பாவம் என்று இரண்டு முயல்கள் உச்சுக்கொட்டின. அம்மா கரடி தரையைப் பார்த்தாள்.

குயில் கூவியது. எல்லாரும் கிளம்பினார்கள்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வேடிக்கை தொடங்கியது. மிளாவின் இடக்கொம்பில் இருந்தவை மண்பானைகள், வலக்கொம்பில் இருந்தவை சுரைக்குடுக்கைகள். மண்பானை தலையை இடப்பக்கம் இழுக்க, அவரும் இடப்பக்கமாகவே திரும்பி நடந்தார். நடந்து நடந்து, பெரிய வட்டம் போட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். அங்கே நின்ற நத்தையிடம், "உச்சி வந்துவிட்டதா?" என்று விசாரித்தார். நத்தை சொன்ன பதிலைக் கேட்டு மறுபடி கிளம்பினார். மறுபடியும் இடப்பக்கமாகவே போனார்.

ஊசியக்காவின் நாவல் பழங்களைக் கிளிகள் பார்த்துவிட்டன. ஒரு பக்கத்துப் பழங்களை மட்டும் அவை காலி செய்யவே, மறுபக்கம் கனத்து அவள் சக்கரம்போல உருண்டாள். உருளும்போது அந்தப் பக்கத்துப் பழமும் நசுங்கிப் போயிற்று. கனம் ஒரே சீராயிற்று, ஆனால் பழம்தான் ஒன்றும் மிச்சமில்லை.

வாலப்பனோ பாறைக்குப் பாறை தாவினார். ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் போய்ச் சேர்வார், பலாப்பழம் ஒரு கணம் கழித்து வந்து அவர் முதுகில் சேரும். தாவு, தொம். தாவு, தொம். ஆனாலும் அவர் நிற்கவில்லை. வலித்தாலும் பலாப்பழம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சடைச்சி எல்லாரையும் தாண்டிக் குடுகுடுவென்று ஏறினாள். மூட்டை அவளோடு சேர்ந்து மூச்சுவிட்டது, சேர்ந்து திரும்பியது. பாதி மலை ஏறியபோது முதுகில் ஏதோ இருப்பதையே மறந்துவிட்டாள். பாட்டுக்கூடப் பாடினாள்.

முதுகு மறந்தது. மூக்கு மறக்கவில்லை.

இடத்தோளில் இருந்து புற்றுக்கட்டியின் வாசம் வந்துகொண்டே இருந்தது. கரடி மூக்குக்குக் கரையான் வாசம் என்றால், நமக்கு வடை வேகும் வாசம்போல. ஒரே ஒரு வாய் என்று சடைச்சி கழுத்தைத் திருப்பினாள். புல்லை விலக்கி, கரடிகள் செய்வதுபோல் ஃபூ என்று மண்ணை ஊதினாள், ஸ்ஸ்ஸ் என்று கரையானை உறிஞ்சினாள். ஆஹா. இன்னும் ஒரு வாய். நடந்துகொண்டே ஊதினாள், உறிஞ்சினாள். மண் பறந்தது. மூட்டையை இறக்கவில்லையே, விதிப்படி ஒரு தப்பும் இல்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

செங்குத்துப் பாறையில் வெட்டிவிட்டது போன்ற ஒற்றையடிப் பாதை வந்தது. இடப்பக்கம் பாறைச் சுவர், வலப்பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் மரங்களெல்லாம் கீரைக்கட்டுபோலத் தெரிந்தன.

அங்கேதான் மூட்டை லேசாக வலப்பக்கம் நகர்ந்தது.

சடைச்சி இடப்பக்கம் சாய்ந்து சரிக்கட்டினாள். மூட்டை இன்னும் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். வலத்தோளில் தேன்குடுவை அப்படியே இருந்தது. இடத்தோளில் புற்றுக்கட்டி பாக்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. மீதி எங்கே என்று அவள் வயிற்றுக்கு நன்றாகத் தெரியும்.

இறக்கிக் கட்டினால் கடைசி. இறக்காமல் நடந்தால் பள்ளம். சடைச்சி பாறைச் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தாள். தாவு, தொம் என்று பின்னால் சத்தம் கேட்டது.

"மெத்தை கோணிக்கொண்டதா பாப்பா?" என்று கேட்டபடி வாலப்பன் அவள் தலைக்கு மேலே தாவிப் போனார். பலாப்பழமும் போயிற்று.

கிழக்குக் குகை போயிற்று என்று சடைச்சி நினைத்தாள். அப்போது கீழ்வளைவில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. முனகல் குரல்.

எட்டிப் பார்த்தாள். அங்கே அம்மாவும் கோணியிருந்தாள். உருண்டையும் சுண்டும் பள்ளத்தை வேடிக்கை பார்க்க இருவரும் வலப்பக்கமே தொங்கிக்கொண்டிருந்தார்கள். "இது என் இடம்" என்று ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள். அம்மா பாறையை நகத்தால் பற்றியபடி அசையாமல் நின்றாள். ஓரடி எடுத்து வைத்தால் மூன்று பேரும் கீரைக்கட்டுக்குள்தான்.

சடைச்சி மேலே பார்த்தாள். வாலப்பனின் பலாப்பழம் தொலைவில் ஒரு புள்ளியாக ஆடியது. கீழே பார்த்தாள். பிறகு திரும்பி நண்டுபோலவே கீழே இறங்கினாள்.

அம்மா பதறினாள். "நீ ஏனடி வந்தாய்? நீ போ, ஓடு."

"ஒரு தம்பியைக் கொடு அம்மா."

"உன்னால் இருப்பதையே சுமக்க முடியவில்லை. சரி, சுண்டுவை எடுத்துக்கொள். அவன்தான் லேசு."

"உருண்டையைக் கொடு."

"அவன் கனமாயிற்றே."

"கனம்தான் வேண்டும்."

அவள் இடத்தோளைக் காட்டினாள். உருண்டை அம்மாவின் முதுகைத் தாண்டி அக்காவின் இடத்தோளுக்கு வந்து, புற்றுக்கட்டி இருந்த இடத்தில் பிடரி மயிரைப் பற்றிக்கொண்டான். சடைச்சியின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. வலப்பக்கம் தேன், இடப்பக்கம் தம்பி. மூட்டை நேராக நின்றது.

"அப்பாடா, கனம் குறைந்தது" என்றாள் சடைச்சி.

சண்டை போட ஆள் இல்லாததால் சுண்டு அம்மாவின் முதுகு நடுவில் போய் உட்கார்ந்தான். அம்மாவும் நிமிர்ந்தாள்.

"ஒட்டிக்கொள் உருண்டை. அட்டைபோல. வேடிக்கை பார்க்காதே" என்று சொல்லிவிட்டுச் சடைச்சி ஓடத் தொடங்கினாள். வளைவு, ஏற்றம், மறுபடி வளைவு. புல் பறந்தது. உருண்டை முதலில் சிரித்தான், பிறகு கொட்டாவி விட்டான், பிறகு சத்தமே இல்லை.

கடைசி ஏற்றத்தில் வாலப்பன் ஒரு பாறைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். இயற்கைக் காட்சியை ரசிப்பதாகச் சொன்னார். உண்மையில் பலாப்பழம் கீழே ஒரு பாறை இடுக்கில் சிக்கி, வால் வீணைக் கம்பிபோல விறைத்திருந்தது. வாலை அவிழ்த்தால் மூட்டையை இறக்கியதாகிவிடும். அவிழ்க்காவிட்டால் அங்கேயே குடித்தனம்தான்.

சடைச்சி போகிற போக்கில் பலாப்பழத்தைத் தலையால் ஒரு முட்டு முட்டினாள். பழம் இடுக்கில் இருந்து விடுபட்டது. தொம்.

"மெத்தை இன்னும் தயார்தான் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் உச்சிக்கு ஏறிவிட்டாள்.

உச்சியில் ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தார். புல்லுக்குள் இருந்து தேன்குடுவை துளி சிந்தாமல் வெளியே வந்ததும் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

பின்னாலேயே வந்த வாலப்பன் முதுகைத் தடவிக்கொண்டு முறையிட்டார். இவள் வழியில் கூடுதலாக ஒரு சுமையை ஏற்றிக்கொண்டாள், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்.

"இறக்கினால் குற்றம்" என்றார் ஆமை. "ஏற்றினால் குற்றம் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் அப்படிச் செய்ததும் இல்லை. எந்தக் குகை வேண்டும், சொல் அம்மா."

சடைச்சி வாயைத் திறந்தாள். சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"உருண்டையைக் காணோமே."

புல்லைக் கிளறினாள். இலுப்பைப் பூவைக் கொட்டித் தேடினாள். பாறைக்குப் பின்னால் ஓடினாள், பாதை விளிம்பில் நின்று, "உருண்டை, அடே உருண்டை" என்று கத்தினாள். ஆமையைத் தூக்கி அவருக்கு அடியிலும் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அம்மா கரடி சுண்டுவோடு மேலே வந்து சேர்ந்தாள். மகளைப் பார்த்தாள். மகளின் இடத்தோளைப் பார்த்தாள். பிடரி மயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உருண்டை கொர் கொர் என்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுண்டுதான் விரலை நீட்டி, "அக்கா, முதுகு" என்றான். வாலப்பன்கூடச் சிரித்தார். சிரித்தால் முதுகு வலித்தது, ஆனாலும் சிரித்தார். கீழே வெகுதூரத்தில் பானைச் சத்தம் கேட்டது. மிளா பெரியப்பா இன்னொரு வட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு ஆமை மறுபடி கேட்டார். "குகையைச் சொல்லவில்லையே."

தேன்குகை பக்கத்தில்தான் இருந்தது. அங்கிருந்து காற்று வீசியது. சடைச்சியின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. தோளில் உருண்டை தூக்கத்தில் ஒரு தும்மல் தும்மினான்.

சடைச்சி கிழக்குக் குகை என்றாள்.

நீதி: சுமையின் கனம் பொருளில் பாதி, வைக்கும் இடத்தில் பாதி.